மாபுலெங் வீட்டுக் கொடி

ஹ்லோட்சே
4 ஆகஸ்ட் 1996, ஞாயிறு

லினேயோவின் அப்பாவுக்கு,

ஜூலை 21 தேதியிட்ட உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. குளிர்காலமாயிற்றே, மலைப்பாதையில் பனி விழுந்து பஸ் மூன்று நாள் நின்றுவிட்டதாம். நாங்கள் நலம். லினேயோவுக்கு இருமல் விட்டுவிட்டது. கடைவாய்ப் பல் ஒன்று முளைத்திருக்கிறது. உங்கள் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு "ஆடு" என்றாள்.

நீங்கள் எழுதிய சேதியை நான்கு முறை படித்தேன். மொகொட்லொங்கில் குடியை விட நினைப்பவர்கள் புதன்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் அதை உங்களுக்குச் சொன்னார். ஜூலை 3 முதல் போய்க்கொண்டிருக்கிறீர்கள், ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. இவ்வளவுதான். மீதி ஒன்றரைப் பக்கமும் கம்பளிக் கொட்டகையில் எலித் தொல்லை.

போன வருஷம் செவ்வாயும் வியாழனும் பாடகர் குழு ஒத்திகை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஆறு வாரம் நம்பினேன். ஒருநாள், "உங்க கட்டைக்குரல் பகுதியை மட்டும் பாடிக் காட்டுங்களேன்" என்று கேட்டதற்கு, "தொண்டை கட்டியிருக்கு, மா" என்றீர்கள். அது பெண்கள் மட்டுமே பாடும் குழு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆகவே நான் கேள்வி கேட்டால் நீங்கள் கோபப்படக் கூடாது.

ஏப்ரல் மாதத்தை நான் மறக்கவில்லை. தடுப்பூசி போட்டு வருகிறேன் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். இருட்டும் நேரத்தில் வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றீர்கள். "லினேயோ எங்கே?" என்று கேட்டதற்கு உங்களுக்குப் பேச்சு வரவில்லை. நானும் பக்கத்து வீட்டுக்காரியும், கள் விற்கிறோம் என்று வெள்ளைக் கொடி கட்டிய ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினோம். ஐந்தாவது வீட்டில், ஜோவாலாக் கள் பானைகளுக்குப் பின்னால், தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள். உருண்டுவிடாமல் மூன்று பக்கமும் மாவு மூட்டையை அணைத்து வைத்திருந்தார்கள். கள் காய்ச்சி விற்கும் அந்த அம்மாளுக்கு இருந்த புத்தி பெற்றவருக்கு இல்லையே என்று அழுதுகொண்டே அவளுடைய கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

லினேயோ கருவிலேயே இல்லாத காலத்தில், நான் மருமகளாக வந்த அன்றைக்கே, உங்கள் வீட்டார் எனக்கு மாலினேயோ, லினேயோவின் அம்மா, என்று பெயர் வைத்தார்கள். பிறக்காத பிள்ளைக்கு என்னை அம்மாவாக்கிய வீடு உங்களுடையது. பிறந்த பிள்ளையை நீங்கள் கள்ளுக்கடையில் விட்டுவிட்டு வந்தீர்கள்.

புத்தாபூத்தேயில் என் அப்பா வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் ஜனவரி முதல் ஓர் இடம் இருக்கிறது. நவம்பர் 15க்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொன்னால் லினேயோவோடு என் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன், பிறகு நீங்கள் வந்து கூப்பிட்டாலும் வருவதற்கில்லை. உங்களிடம் இதை மறைக்க விரும்பவில்லை.

அந்த வீடு யாருடையது? யார் யார் வருகிறார்கள்? அந்த நர்ஸின் பெயர் என்ன? அங்கே என்ன செய்கிறீர்கள்? பதில் எழுதுங்கள். எலியைப் பற்றி வேண்டாம்.

மாலினேயோ


மொகொட்லொங்
18 ஆகஸ்ட்

மாலினேயோ,

உன் கடிதம் கிடைத்தது. சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். நீல மை தீர்ந்துவிட்டதா, இல்லை எனக்கு மதிப்பெண் போடுகிறாயா?

பாடகர் குழு விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏப்ரல் விஷயத்திலும் இல்லை.

நீ கேட்டவற்றில் பாதிக்குப் பதில் எழுத முடியாது. அங்கே வருபவர்கள் யார் என்று வெளியே சொல்லக் கூடாது. அங்கே கேட்டதையும் சொல்லக் கூடாது. இருப்பதே அந்த ஒரு சட்டம்தான். அது போனால் ஒருத்தனும் வரமாட்டான். நாங்கள் ஏழு பேர். சுற்றி உட்காருவோம். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்போம். நம் ஊர் ஆண்கள் ஏழு பேர் ஒரு அறையில் வாயை மூடிக்கொண்டு இருப்பதை நீ பார்த்ததுண்டா? அதற்கே டிக்கெட் போட்டு விற்கலாம். வீட்டுக்காரி குடிக்க ஏதாவது சூடாகத் தருவாள். நாலு மணிக்கு ஆரம்பித்தால் ஆறு மணிக்கு முடியும். இவ்வளவுதான்.

ராத்திரியில் கை நடுங்குவது நின்றுவிட்டது. கம்பளியைத் தொட்டுப் பார்த்து முதல் தரமா இரண்டாம் தரமா என்று என் விரல் மறுபடி சொல்கிறது. போன வருஷம் அது சொல்லவில்லை, நானாக எதையோ எழுதிவைத்தேன். அதற்காகத்தான் இலாகா என்னை இந்த மலைக்குத் தூக்கிப் போட்டது என்று உனக்கும் தெரியும்.

உன் தம்பி கதீசோவின் லாரி நேற்று இங்கே சரக்கு இறக்க வந்தது, வியாழக்கிழமைதான் திரும்பும். லினேயோவுக்கு ஒரு சின்னப் போர்வை கொடுத்தனுப்புகிறேன். நல்ல கம்பளி, நானே பார்த்து எடுத்தது. எலி குறைந்துவிட்டது. (கேட்கவில்லை என்று தெரியும்.)

மொஹாபி


ஹ்லோட்சே
1 செப்டம்பர்

மொஹாபி,

இந்தத் தடவை உங்களைப் பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிட மனம் வரவில்லை.

போர்வை வந்தது. மூட்டையைப் பிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. புளித்த சோளத்தின் வாடை. நான்கு வருஷம் உங்கள் சட்டையில் முகர்ந்து பழகிய மூக்கு இது. இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் போட்டேன், இன்னும் போகவில்லை. என் பிள்ளை அதைப் போர்த்திக்கொள்ள மாட்டாள்.

கதீசோவிடம், "அங்க மச்சானைப் பாத்தியாடா?" என்று சும்மாதான் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"பாத்தேன்க்கா. புதன்கிழமை சாயந்திரம். ஓடைக்கு அந்தப் பக்கம் மாபுலெங் வீட்டுக்குள்ள போனாரு."

"அது யாரு மாபுலெங்?"

"என்னக்கா, மாபுலெங்கைத் தெரியாதா? அந்த மலையிலேயே அவ ஜோவாலாதான் பேர் போனது. இருபது வருஷமா காய்ச்சுறா. வாசல்ல கம்பத்துல வெள்ளைக் கொடி பறந்துச்சே, நானே பாத்தேன்."

"குடிச்சிட்டு வந்தாரா?"

"அதான் எனக்கே ஆச்சரியம். நேராத்தான் நடந்து வந்தாரு. மச்சான் முன்ன மாதிரி இல்ல, தேறிட்டாரு!"

அவன் சிரிக்கிறான். நான் சிரிக்கவில்லை. பெருங்குடிகாரர்கள் நேராகத்தான் நடப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஏழு பேர் யார் என்று சொல்ல முடியாதது ஏன் என்று இப்போது புரிகிறது. சொன்னால் நான் அவர்களுடைய மனைவிகளுக்கு எழுதுவேன். வெளியே சொல்லக் கூடாத சட்டம் எல்லாக் கள்ளுக்கடையிலும் உண்டு.

வாயை மூடிக்கொண்டு உட்காருவார்களாம். சூடாக ஏதாவது குடிப்பார்களாம்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் பொய் சொல்லும்போது ஒரு விஷயத்தை மட்டும் உண்மையாகச் சொல்வார்கள். கூட்டம் புதன்கிழமை என்பதை மட்டும் நீங்கள் உண்மையாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

மாலினேயோ


மொகொட்லொங்
15 செப்டம்பர்

மாலினேயோ,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உடனே எழுத முடியவில்லை. ஏன் என்று இப்போது கேட்காதே.

கதீசோ பார்த்தது உண்மை. அது மாபுலெங் வீடு. வாசலில் வெள்ளைக் கொடி உண்டு. அவளைப் பற்றி நீயே கேட்டுத் தெரிந்துகொண்டதால் அவள் பெயரை எழுதுகிறேன், மற்றவர்களுடையதை எழுதமாட்டேன். அங்கே ஜோவாலா கிடையாது. இரண்டு வருஷமாக அவள் காய்ச்சவில்லை, கேட்டு வருகிறவர்களிடம் தீர்ந்துபோச்சு என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். ஏன் நிறுத்தினாள் என்பது அவள் அந்த அறையில் சொன்னது, அதை நான் சொல்லக் கூடாது.

பிறகு கொடி எதற்கு என்று கேட்பாய். நானும் கேட்டேன்.

முதலில் இந்தக் கூட்டத்தை மிஷன் ஹாலில் வைத்தார்கள். ஹாலுக்கு எதிரே பஸ் நிற்குமிடம். முதல் வாரம் இரண்டு பேர் போனார்கள். அடுத்த நாள் காலையில் அவர்கள் கடைக்குப் போனபோது பஸ்ஸுக்கு நின்றவர்கள், "என்ன அண்ணே, மூக்குல பால் வாடை வருதே!" என்று கூப்பிட்டார்களாம். அடுத்த வாரம் ஹால் காலி. மாபுலெங் சொன்னாளாம்: "எங்க வீட்டுக்கு வாங்க. கொடியை நான் இறக்கப் போறதில்ல. கொடி பறக்குற வீட்டுக்குள்ள ஆம்பளை போனா இந்த ஊருல எவன் திரும்பிப் பாப்பான்?"

உனக்கு இது கேலியாக இருக்கும். யோசித்துப் பார். இங்கே ஒருவன் குடிக்கப் போவது யாருக்கும் செய்தி இல்லை. குடியை விடப் போகிறான் என்றால் ஊரே கம்பளிக் கொட்டகை வாசலில் நிற்கும். அதனால் நாங்கள் குடிகாரர்கள் மாதிரி உள்ளே போகிறோம், குடிகாரர்கள் மாதிரி வெளியே வருகிறோம். அங்கே ஒருவர் வெளியே வரும்போது கொஞ்சம் தள்ளாடிக்கூடக் காட்டுவார். நன்றாகச் செய்வார், பல வருஷப் பழக்கம்.

போர்வையில் அடித்த வாடை மொதொஹோ. கூட்டத்தில் அவள் பெரிய சட்டியில் வைத்துத் தருவாள். நீ லினேயோவுக்குக் காலையில் ஊட்டுகிறாயே, அதே புளிச்ச சோளக் கூழ். சட்டி பக்கத்தில் போர்வை இருந்தது. உன் வீட்டு அடுப்படியிலும் அதே வாடைதான். அங்கே உன் மூக்கு அதைக் கூழ் என்கிறது, என் போர்வையில் வந்தால் கள் என்கிறது.

கதீசோவை என் பின்னால் அனுப்பாதே. உன்னை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். அவன் வாய் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும்.

மொஹாபி


ஹ்லோட்சே
29 செப்டம்பர்

லினேயோவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எனக்கு நம்ப வேண்டும் போல இருந்தது. அதனால்தான் பயமாக இருக்கிறது. கள்ளுக்கொடி பறக்கிறது, உள்ளே கூழ் குடிக்கிறார்கள். ரோமா பல்கலைக்கழகத்தில் நான் படித்த மூன்று வருஷத்தில் இவ்வளவு அழகாக ஒரு விளக்கத்தை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஓட்டையும் சரியாக அடைபட்டிருக்கிறது. வாடைக்கும் கொடிக்கும் பெயர் சொல்லாததற்கும், மூன்றுக்கும் பதில் வந்துவிட்டது. உண்மை இவ்வளவு ஒழுங்காக இருக்குமா?

அடுப்படியில் போய் மொதொஹோ சட்டியையும் போர்வையையும் மாறி மாறி முகர்ந்து பார்த்தேன். லினேயோ என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதை நேர்மையாக எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் அடைபடவில்லை. எங்கள் பள்ளிக்குத் தடுப்பூசி போட வந்த சுகாதார அதிகாரி உங்கள் பக்கத்து ஆள். பேச்சோடு பேச்சாக, "மொகொட்லொங் ஆஸ்பத்திரியில குடிகாரங்களுக்கு ஆலோசனை சொல்ற நர்ஸ் யாருங்க?" என்று கேட்டேன். "அந்தம்மா ஒருத்தர்தான் இருந்தாங்க. பிரசவ லீவுல போயி மே மாசத்தோட கீழ வந்துட்டாங்களே. இன்னும் ஆள் போடல" என்றார்.

ஜூலை 3ஆம் தேதி உங்களுக்கு வழி சொன்ன நர்ஸ் யார்?

நானே வரலாம் என்றால் பள்ளியில் பரீட்சை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த மலையில் ஏற எனக்குத் தைரியமும் இல்லை. மன்னித்துவிடுங்கள். நீங்கள் கேட்டுக்கொண்டதை என்னால் கேட்க முடியவில்லை. இந்த வாரம் கதீசோ சரக்கோடு அங்கே வருகிறான். புதன்கிழமை கொடியைப் பார்த்து உள்ளே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைப்பதற்குள் அவன் போயிருப்பான்.

மாலினேயோ


மொகொட்லொங்
6 அக்டோபர்

கதீசோ வந்தான். முழுக்க உட்கார்ந்திருந்தான். நீ கேட்டது கிடைத்திருக்கும்.

மொ.


ஹ்லோட்சே
13 அக்டோபர்

லினேயோவின் அப்பாவுக்கு,

கதீசோ செவ்வாய்க்கிழமை வந்தான். "கள்ளு இல்லக்கா. சத்தியமா இல்ல. கூழுதான். எனக்கும் ஒரு கோப்பை குடுத்தாங்க. ஒவ்வொருத்தனா பேசுறான், ஒருத்தன் அழுறான், வேற ஒண்ணும் இல்ல" என்றான். மாபுலெங் வாசலில் அவனை நிறுத்தி, "உள்ள கேக்கறது உள்ளயே இருக்கணும், சரியா?" என்று கேட்டாளாம். இவனும் சரி என்று தலையாட்டியிருக்கிறான்.

நான் சந்தோஷப்பட வேண்டும். கொஞ்சம் பட்டேன். பிறகு உங்கள் இரண்டு வரிக் கடிதம் வந்தது. அதில் கையெழுத்தைக்கூட நீங்கள் முழுதாகப் போடவில்லை. என்ன நடந்தது? கதீசோ எதையோ விழுங்குகிறான். வேறு என்ன பேசினார்கள் என்று கேட்டால், "அதை விடுக்கா" என்கிறான். ஒரு வாரத்துக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத பையன் அவன்.

நர்ஸ் விஷயமும் அப்படியே நிற்கிறது. ஒரு பொய் இருந்தால் பத்து இருக்கும் என்று எனக்குப் பழக்கமாகிவிட்டது. எழுதுங்கள்.

மா


மொகொட்லொங்
20 அக்டோபர்

மாலினேயோ,

எழுதுகிறேன். பிடிக்காவிட்டாலும் கடைசிவரை படி.

உன் தம்பி புதன்கிழமை உட்கார்ந்தான், வியாழக்கிழமை கடைக்காரரின் கவுண்டரில் சாய்ந்துகொண்டு இரண்டு பீர் பாட்டிலுக்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னான். கெட்ட எண்ணத்தில் இல்லை. சிரிக்க வைக்கச் சொன்னான். "டேய், மாபுலெங் வீட்டுல கூழு விக்கிறாடா! நீங்க எல்லாம் கொடியைப் பாத்து ஏமாந்துட்டீங்களேடா!" என்று ஆரம்பித்து, யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று விரல் விட்டு எண்ணியிருக்கிறான். வெள்ளிக்கிழமை நான் கொட்டகைக்குள் நுழைந்ததும் ரோமம் கத்தரிக்கிற ஆட்கள் பதினாலு பேரும் பால் குடிக்கிற ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினார்கள். நான் சிரித்துவிட்டேன். என்னால் தாங்க முடியும், நான் வெளியூர்க்காரன்.

மற்றவர்களால் முடியவில்லை. ஏழு பேரில் போன புதன்கிழமை வந்தது மூன்று பேர். தள்ளாடிக் காட்டுவாரே, அவர் வரவில்லை. சனிக்கிழமை அவரைச் சந்தையில் பார்த்தேன். இந்தத் தடவை காட்டுவதற்காகத் தள்ளாடவில்லை.

கொடியை யாரோ கம்பத்தோடு பிடுங்கி ஓடையில் போட்டுவிட்டார்கள். மாபுலெங் வேறு கட்டவில்லை. "இனிமே யாரை மறைக்கறதுக்கு?" என்றாள்.

இப்போது நர்ஸ்.

நர்ஸ் கிடையாது. எனக்கு யாரும் வழி சொல்லவில்லை. ஜூலை 3ஆம் தேதி சம்பளம் வாங்கிக்கொண்டு குடிக்கப் போனேன். உனக்குச் சத்தியம் செய்து கொடுத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. கொட்டகைப் பக்கம் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று ஓடையைத் தாண்டினேன். வெள்ளைக் கொடி தெரிந்தது. கையில் காசை எடுத்து வைத்துக்கொண்டே உள்ளே போனேன். "ஜோவாலா இருக்கா, மா?" என்று கேட்டேன். "முடிஞ்சுபோச்சு. கூழு இருக்கு, உக்காரு" என்றாள். பெஞ்சில் இருந்த ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். இடம் கொடுத்த பிறகு எழுந்து போகக் கூச்சமாக இருந்தது. அதனால் உட்கார்ந்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. திருந்த வேண்டும் என்று நினைத்துத் தேடிப் போனவன் நான் இல்லை, மா. கள் கிடைக்காமல் அங்கே மாட்டிக்கொண்டேன்.

இதை எப்படி உனக்கு எழுதுவது? கூட்டத்தைக் கண்டுபிடித்தேன் என்று எழுதினால் எங்கே, எப்படி என்று கேட்பாய். அதனால் ஒரு நர்ஸை உண்டாக்கினேன்.

இன்னொன்று. போர்வையைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்த அன்று குடித்தேன். வேறொரு வீட்டில். ஒரு நாள்தான். உன்மேல் பழி போடவில்லை, தபால்காரர் என் வாயில் ஊற்றவில்லை. அடுத்த புதன்கிழமை அங்கே போய்ச் சொன்னேன். மாபுலெங் இரண்டாவது கோப்பை ஊற்றினாள். "ஒரு சொட்டுக்கூட" என்று நான் முன்பு எழுதியதை அடித்துவிடு, உன் சிவப்பு மையாலேயே.

கதீசோ அன்றைக்கு உள்ளே வந்தபோது நான் பேசிக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். நிறுத்தினால் அடுத்த வாரமும் நிறுத்துவேன் என்று தோன்றியது. பேசி முடித்தேன். என்ன பேசினேன் என்று அவன் கடையில் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். அதை மட்டும் அவன் ஏன் வைத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் மேல் பள்ளத்தாக்குகளிலிருந்து ஆட்கள் கழுதைமேல் கம்பளி ஏற்றிக்கொண்டு வருவார்கள். கையில் காசு இருக்கும். கடையில் நடந்த கூத்து அவர்களுக்குத் தெரியாது. கொடி இருந்தால் அவர்களில் ஒருவன் என்னைப்போலக் கள் கேட்டுக்கொண்டு உள்ளே வருவான். கொடி இல்லாவிட்டால் வேறு கொடி இருக்கும் வீட்டுக்குப் போவான். இதை மாபுலெங்கிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றாள்.

புத்தாபூத்தே விஷயத்தில் நீ எது செய்தாலும் நான் தடுக்க மாட்டேன்.

மொஹாபி


ஹ்லோட்சே
10 நவம்பர்

லினேயோவின் அப்பாவுக்கு,

பதில் எழுத மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். உங்கள் கடிதத்தில் இருந்ததை நான் சோதிக்க வேண்டியிருந்தது. என்னை நீங்கள் இப்படி ஆக்கிவிட்டீர்கள், அல்லது நான் முன்பே இப்படித்தானோ என்னவோ.

கதீசோவை அறைந்தேன். இருபத்தாறு வயது லாரி டிரைவர், என் தோளுக்குமேல் நிற்பவன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டான். நான் சொல்லி அனுப்பாவிட்டால் அவன் போயிருக்கவே மாட்டான். ஆகவே அவன் கன்னத்தில் விழுந்ததில் பாதி எனக்கு விழ வேண்டியது. ஏழு பேரில் நாலு பேர் வராமல் போனது கதீசோவின் வாயால் மட்டும் இல்லை, என் மூக்காலும்தான்.

பிறகு, "கடையில சொல்லாம வச்சிருக்கியே, அது என்னடா?" என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. அந்தம்மாகிட்ட சரின்னு தலையாட்டினேன்."

"இப்பதான் உனக்கு ஞாபகம் வருதா?"

கன்னத்திலிருந்து கையை எடுத்தான். "மச்சான் லினேயோவைப் பத்தித்தான் பேசிட்டு இருந்தாரு. ஏப்ரல்ல அன்னைக்கு அவளை மறந்துட்டு வரலையாம்க்கா. பிள்ளையைத் தூக்கப் போனாராம். கை நடுங்குச்சாம். தூக்குனா தார் ரோட்டுல போட்டுருவோம்னு பயமா இருந்துச்சாம். மூட்டையை இழுத்து இழுத்து மூணு பக்கமும் வச்சு, உருளாம இருக்கான்னு தள்ளிப் பாத்துட்டு, உன்னைக் கூட்டிட்டு வரலாம்னு வந்தாராம். வாசல்ல உன் முகத்தைப் பாத்ததும் பேச்சே வரலையாம்."

நான் நம்பவில்லை. உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. மூன்று பக்க மூட்டையைப் பற்றி என் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். அதை வைத்தே ஒரு கதை கட்ட உங்களால் முடியும். கதீசோ உள்ளே வருவதைப் பார்த்து, என் காதுக்குப் போகட்டும் என்று பேசியிருக்கலாம். இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பள்ளி விட்டதும் லினேயோவை முதுகில் கட்டிக்கொண்டு அந்த ஐந்தாவது வீட்டுக்குப் போனேன். கொடி பறந்துகொண்டிருந்தது. வாசலில் இருந்த ஆண்கள் ஒரு டீச்சரைப் பார்த்ததும் கோப்பையைப் பின்னால் மறைத்தார்கள்.

அந்த அம்மாளுக்கு என்னை நினைவிருந்தது. "பிள்ளை வளந்துட்டாளே!" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஏப்ரல்ல இவளைச் சுத்தி மாவு மூட்டை வச்சிருந்தீங்களே, அது நீங்கதானே?"

"நானா? எனக்கு இடுப்பு வலி. ஒரு மூட்டையை நகத்தணும்னா ரெண்டு பேரைக் கூப்பிடணும். உன் வீட்டுக்காரர்தான் பண்ணாரு. எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. தள்ளாடிக்கிட்டே ஒண்ணை இழுத்து வைப்பாரு, தூரப்போய் நின்னு பாப்பாரு, மறுபடி வந்து ஒரு விரக்கடை தள்ளுவாரு. போகும்போது, 'மா, என் பிள்ளையைப் பாத்துக்க, என் கையை நம்ப முடியல'ன்னு சொன்னாரு."

"அன்னைக்கு நான் உங்க கையைப் பிடிச்சு நன்றி சொன்னேனே. அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீ எதுக்கு நன்றி சொல்றேன்னு எனக்குத் தெரியலைம்மா. நீ அழுதுகிட்டு இருந்தே. நன்றியை வேணாம்னா சொல்ல முடியும்?"

வீட்டுக்கு வரும் வழியில் லினேயோ என் முதுகில் தூங்கிவிட்டாள். ஏழு மாதமாக உங்களைத் திட்டுவதற்கு நான் வைத்திருந்த வாக்கியத்தை இனிமேல் சொல்ல முடியாது. அதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். ஒரு குழந்தையைத் தூக்க முடியாத அளவுக்குக் குடித்திருந்தீர்கள். அது அப்படியே இருக்கிறது. ஆனால் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த அறையில் சொன்னது அந்த அறையைவிட்டு வெளியே வந்துதான் எனக்குத் தெரிந்தது. மாபுலெங்கின் சட்டத்தை மீறித்தான் இதை அறிந்துகொண்டேன். அதனால் நான் அவளுக்கு ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது.

இத்துடன் ஒரு துணி அனுப்புகிறேன். கதீசோவின் கையில் கொடுக்கவில்லை, தபாலில்தான். லினேயோவுக்குக் கட்டிக்கொண்டிருந்த வெள்ளைத் துணி. இப்போது அவளே சொல்லிவிட்டு வெளியே ஓடுகிறாள், தேவைப்படாது. வெந்நீரில் இரண்டு கொதி விட்டு அலசி, மூன்று ஓரமும் மடித்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். நாலாவது ஓரத்தில் கம்பு நுழைய வழி விட்டிருக்கிறேன். உங்கள் மலைக்காற்றுக்கு இரண்டு குளிர்காலமாவது தாங்கும். அவள் கட்டுகிறாளா இல்லையா என்பது அவள் விருப்பம். இது எதற்கு உபயோகித்த துணி என்று அவளிடம் சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

புத்தாபூத்தே பள்ளிக்கு இன்னும் பதில் எழுதவில்லை. டிசம்பர் கடைசிவரை தவணை கேட்டிருக்கிறேன். அப்பா கோபமாக இருக்கிறார்.

டிசம்பர் 6 முதல் பள்ளி விடுமுறை. 11ஆம் தேதி புதன்கிழமை பஸ்ஸில் நானும் லினேயோவும் வருகிறோம். மூன்றரைக்கு வந்து சேரும் என்கிறார்கள். அவளுக்கு வாந்தி வரும், அதற்கும் தயாராகத்தான் வருகிறேன். நீங்கள் பஸ் நிற்குமிடத்துக்கு வர வேண்டாம். நாலு மணிக்கு நீங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருங்கள். நான் வாசலோடு நின்றுகொள்வேன், உள்ளே வந்து கேட்க மாட்டேன். வெளியே வந்ததும் முதலில் உங்கள் வாயை முகர்ந்து பார்ப்பேன், ஏழு பேர் பார்த்தாலும் சரி, மூன்று பேர் பார்த்தாலும் சரி. கூழுக்கும் கள்ளுக்கும் வித்தியாசம் தெரிகிற மாதிரி இந்த மூன்று வாரமாக மூக்கைப் பழக்கியிருக்கிறேன்.

வழி எழுதி அனுப்ப வேண்டாம். யாரையும் வழி கேட்கப் போவதும் இல்லை. ஓடையைத் தாண்டி வந்து நின்று பார்ப்பேன். துணி பறந்தால் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவேன். பறக்காவிட்டால் மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

மாலினேயோ